லாரி மாடல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடமாக லாரி மாடல் செய்கிறேன். வீடு திருவொற்றியூரில். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். இதுவரை முடித்தது ஒன்பது லாரி. பத்தாவது இப்போது மேசையில் கேபின் இல்லாமல் நிற்கிறது. வீட்டு அலமாரியைப் பார்த்தவர்களும், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டுப் போனில் கூப்பிடுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கடையிலேயே லாரி பொம்மை கிடைக்கிறதே. எதற்கு உட்கார்ந்து செய்ய வேண்டும்?

கிடைக்கிறது. சென்டி டாய்ஸ் செய்கிற நம்மூர் வண்டிகள் இரண்டு என்னிடமும் இருக்கின்றன, அவை மேல் எனக்குப் பிரியமும் உண்டு. ஆனால் நம் நாட்டு லாரிக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. ரொம்ப காலம் கம்பெனிகள் சேஸிஸையும் (அடிச்சட்டம்) இன்ஜினையும் முன்முகப்பையும் மட்டும் கொடுத்தன. கேபின், பாடி, கேரியர் எல்லாவற்றையும் பாடி பில்டர்தான் கட்டினார். மரச்சட்டம் அடித்தவர் ஆசாரி, தகரம் பொருத்தியவர் டிங்கர், பூ வரைந்து ஊர்ப்பெயர் எழுதியவர் பெயிண்டர். அதனால் ஒரே சேஸிஸில் நாமக்கல்லில் கட்டிய லாரியும் பஞ்சாபில் கட்டிய லாரியும் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒரே கம்பெனி வண்டி என்று நம்புவதே கஷ்டம். நாமக்கல்லிலேயே இரண்டு பட்டறை வேலைக்கு வித்தியாசம் தெரியும்.

பொம்மையில் இந்த வித்தியாசம் வராது, அச்சு ஒன்றுதானே. மரக் கேபின் வண்டிகள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2025இலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. டிரைவர்களுக்கு அது எவ்வளவோ நல்லது. ஆனால் கையால் கட்டிய அந்தப் பழைய கேபின்களை யாராவது அங்குலம் அங்குலமாக அளந்து வைக்க வேண்டும். அருங்காட்சியகம் அதைச் செய்யாது, நாம்தான் செய்ய வேண்டும்.

எந்த அளவில் செய்யலாம்?

1/24 என்பது என் கட்சி. நிஜ வண்டியில் 24 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. ஆகும். பைப், போல்ட், கைப்பிடி எல்லாம் கையில் பிடித்து ஒட்டுகிற அளவில் இருக்கும். ஐரோப்பிய லாரி கிட்கள் (பாகங்களாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும்) பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகின்றன. அமெரிக்க கிட்கள் 1/25. இரண்டையும் கலந்து வைத்தாலும் கண்ணுக்கு உறுத்தாது.

இடம்தான் சிக்கல். 40 அடி கன்டெய்னர் நிஜத்தில் 12.19 மீட்டர். 1/24இல் அந்தப் பெட்டி மட்டும் 508 மி.மீ. வரும். முன்னால் இழுவை வண்டியையும் சேர்த்தால் சராசரி அலமாரித் தட்டில் நிற்காது. 20 அடி கன்டெய்னர் என்றால் 252 மி.மீ., அது பரவாயில்லை. ஒற்றை அறை வீட்டில் இருப்பவர்கள், டிரெய்லர்தான் வேண்டும் என்பவர்கள் 1/50 எடுக்கலாம். அதே 40 அடிப் பெட்டி 244 மி.மீ.க்குள் அடங்கும். 1/87 ரயில் மாடல்காரர்களின் அளவு. அதில் லாரி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நுணுக்கத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் அதிலேயே நில்லுங்கள். பாதியில் அளவு மாற்றினால் வாங்கிய டயர், செய்த அச்சு எல்லாம் வீண்.

நம்மூர் லாரிக்கு கிட் கிடைக்குமா?

இட்டாலெரி, ரெவெல் கம்பெனிகளின் 1/24 கிட்களில் வால்வோ, ஸ்கானியா, மெர்சிடிஸ் கிடைக்கும். ஏஎம்டி 1/25இல் பீட்டர்பில்ட், கென்வொர்த். எம்ஹார் பழைய பெட்ஃபோர்டு ஒன்று போட்டது. நம் சாலையில் பெட்ஃபோர்டு ஓடியதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அது பொக்கிஷம். எண்ணூரிலேயே பிறந்த அசோக் லேலண்டுக்கு அப்படி ஒரு பிளாஸ்டிக் கிட் என் கையில் இதுவரை கிடைத்ததில்லை. 1948இல் ஆஸ்டின் கார் பூட்ட அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிய கம்பெனி அது. அதன் காமெட்டும் டாரஸும் தென்னிந்தியாவின் பாதிச் சுமையைத் தூக்கியிருக்கின்றன. ‘டாரஸ்’ என்றால் பல சக்கர லாரி என்று அர்த்தமே ஆகிவிட்டது இங்கே.

ஆகவே முதலில் ஒரு வெளிநாட்டு கிட்டை அப்படியே சேருங்கள். சேஸிஸ் எப்படி உட்காருகிறது, ஸ்பிரிங் பட்டை எங்கே தொங்குகிறது, பின் அச்சு ஹவுசிங்குக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஜாயின்ட் (சுழலும் தண்டு) எப்படிப் போகிறது என்று கைக்குப் புரியும். அடுத்தது நம்மூர் வண்டி. அதற்குப் பெட்டி கிடையாது. தாளில் வரைந்து, தகட்டில் வெட்டிச் செய்ய வேண்டியதுதான்.

வரைபடம் இல்லாமல் அளவு எப்படி எடுப்பது?

வரைபடம் தெருவில் நிற்கிறது. இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன், ஏனென்றால் மாடலின் முக்கால் பங்கு இங்கேதான் முடிவாகிறது.

பக்கவாட்டுப் படம் ஒன்று நன்றாக எடுத்துவிட்டால் போதும், டயரே அளவுகோல். 10.00-20 டயர் தரையிலிருந்து சுமார் 1.05 மீட்டர் உயரம். 1/24இல் 44 மி.மீ. படத்தில் டயர் 44 மி.மீ. வரும்படி பெரிதாக்கி அச்செடுத்தால், அந்தத் தாளில் நீங்கள் ஸ்கேல் வைத்து அளப்பதெல்லாம் அப்படியே மாடலின் அளவு. டயர் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும், 9.00-20 என்றால் கொஞ்சம் சிறிது, பார்த்துக்கொள்ளுங்கள். அகலத்துக்குச் சட்டமே உதவுகிறது: லாரி 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மாடலில் 108 மி.மீ. தாண்டினால் எங்கோ தப்பு.

படம் எடுக்கும்போது கிட்டே போகாதீர்கள். கிட்டே நின்று எடுத்தால் முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் விழும். சாலைக்கு எதிர்ப்புறம் போய், ஜூம் வைத்து, வண்டியின் நடுவுக்கு நேராக நின்று எடுங்கள். பிறகு கிட்டே போய் சின்னச் சின்ன இடங்கள்: பம்பர் மூலை, டூல் பாக்ஸ் பூட்டு, டீசல் டேங்க் பட்டை, கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள சந்து. அந்தச் சந்தை மறப்பவர்கள்தான் அதிகம். ஏர் பைப், ஒயர், சாக்குத்துணி, டிரைவர் செருப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மாதவரம், மணலிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகள் நிற்கும். கோயம்பேட்டில் விடியற்காலையில் காய்கறி இறங்கும்போது பாடியின் உட்புறம் பார்க்கலாம். துறைமுக வாசலில் மட்டும் கேமராவை எடுக்காதீர்கள், அது பாதுகாப்புப் பகுதி.

டிரைவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் தெருமுனையில் நிற்கும் தண்ணி லாரியை நான் டேப்பால் அளந்துகொண்டிருந்தபோது அதன் டிரைவர் டீ டம்ளரோடு வந்து, “இன்னா தம்பி, இன்சூரன்ஸா?” என்றார். “இல்லண்ணே, இதே மாதிரி சின்னதா செய்யப்போறேன்” என்று போனில் இருந்த பழைய மாடல் படத்தைக் காட்டினேன். டம்ளரை பம்பர் மேல் வைத்துவிட்டு, டேப்பின் அந்த முனையை அவரே பிடித்தார். டாங்க் மூடியைத் திறந்து காட்டினார். வண்டிக்கு அடியில் படுத்து, எந்தப் பட்டை புதுசு, எது வெல்டிங் வைத்தது என்று விரலால் தட்டிச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது.

தண்ணி லாரி செய்பவர்களுக்கு ஒரு சோதனை. 12,000 லிட்டர் டாங்க் 1/24இல் எவ்வளவு கொள்ளும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 24 மடங்கு குறைவதால் 13,824ஆல் வகுக்க வேண்டும். சுமார் 870 மி.லி. தகட்டில் செய்த டாங்கைப் பூட்டுவதற்கு முன் அரிசியை நிரப்பி அளந்து பாருங்கள். என் முதல் டாங்க் ஒரு லிட்டருக்கு மேல் கொண்டது. கண்ணால் பார்த்து ஏதோ இடிக்கிறதே என்று நினைத்தது சரிதான் என்று அரிசி சொன்னது.

என்னென்ன கருவி வேண்டும்?

ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், 11ஆம் நம்பர் பிளேடு, ஊசி அரம், வாட்டர் பேப்பர் 400, 800, 1200. டிஜிட்டல் வெர்னியர் ஒன்று. 0.5 முதல் 1 மி.மீ. வரை துளையிடும் கைத்திருகு ட்ரில். அரமும் ட்ரில்லும் நகைவேலைக் கருவி விற்கும் கடைகளில் தரமாகக் கிடைக்கும். சௌகார்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். பெயிண்டைக் காற்றில் தெளிக்கும் ஏர்பிரஷ் மூன்றாவது லாரிக்கு மேல் வாங்கினால் போதும்.

எந்தப் பொருளில் செய்வது?

கேபினுக்கு ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு: 0.5, 1, 1.5 மி.மீ. மூன்று கனமும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியால் ஒரு கோடு கீறி மடக்கினால் சுத்தமாக உடையும். பெயர்ப்பலகைக் கடைகளில் விற்கும் சன்போர்டு மலிவு, லேசு. பாடிக்குள் மறைந்துபோகும் இடங்களுக்கு நல்லது. ஆனால் அதன் வெட்டு விளிம்பு ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், பட்டி பார்த்துத் தேய்க்காமல் பெயிண்ட் அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். பாடிப் பலகைக்கு ஐஸ் குச்சி. நிஜப் பலகை 15 செ.மீ. அகலம் என்றால் மாடலில் 6 மி.மீ. சொச்சம், குச்சியை நீளவாக்கில் சீவினால் சரியாக வரும்.

சேஸிஸை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். மேசை நேராக இருக்கிறது என்று நம்பாதீர்கள். இரண்டு சட்டமும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டால், கடைசியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும். ஆறு சக்கரமும் தரையில் பாரமாக உட்கார்ந்தால்தான் பார்ப்பவர் மனம் அதை லாரி என்று ஏற்கும். ஒரு சக்கரம் அரை மில்லி தூக்கினாலும் எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் அது பொம்மைதான்.

பசை?

ஸ்டைரீனுக்கு ஸ்டைரீனை உருக்கி ஒட்டும் மெல்லிய சிமென்ட். டாமியா போத்தல் ஒன்று ஒரு வருடம் வரும். சன்போர்டு, மரம், கம்பிக்கு ஃபெவிக்விக். பாரம் தாங்கும் இடத்துக்கு அரால்டைட். கண்ணாடிக்கு ஃபெவிக்விக்கை நினைக்கவே நினைக்காதீர்கள், அதன் ஆவி பட்டு விண்ட்ஷீல்டு முழுக்க வெள்ளை பூத்துவிடும். அங்கே ஃபெவிகால்தான், காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும்.

பெயிண்ட் அடித்தால் பால் மாதிரி வெளுத்துப்போகிறது. ஏன்?

மழைக்காலத்தில் அடித்திருப்பீர்கள். சென்னையில் மாடல் செய்கிற எல்லோரும் ஒருமுறையாவது இதில் அழுதிருப்போம். லாக்கர் பெயிண்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பதுபோல அந்தப் பரப்பில் நீர் படிகிறது. அது பெயிண்ட் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு வெண்மையாகத் தெரிகிறது. என் நான்காவது லாரிக்கு ஐப்பசியில், மழைவிட்ட ஒரு சாயங்காலம், கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். கரும்பச்சைக் கேபின் பத்து நிமிடத்தில் விபூதி பூசினதுபோல ஆகிவிட்டது. மூன்று மாத வேலை அது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

காப்பாற்ற வழி உண்டு. தொடாமல் இரண்டு நாள் உலரவிட்டு, வெயில் காய்ந்த ஒரு மத்தியானம், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய பனிபோல மேலே அடித்தால் படலம் இளகி ஈரம் வெளியேறும். எனக்கு அப்படித்தான் கரும்பச்சை திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை சேஸிஸ், வெட்டு, ஒட்டு வேலைகள் மட்டும். பெயிண்டைப் பொங்கலுக்குப் பிறகு எடுக்கிறேன். அவசரம் என்றால், காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், வெயில் உள்ள நாளில்.

அக்னி நட்சத்திரத்தில் வேறு தொல்லை. பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, பரப்பில் போய் விழும்போது தூளாக ஒட்டும். தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அப்போது விடியற்காலையில், கொஞ்சம் கிட்டே பிடித்து அடியுங்கள்.

இன்னொன்று: லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் பெயிண்ட் பொரிந்து சுருங்கிவிடும். எந்த லாரியில் எதை அடித்தோம் என்று டப்பா மேல் எழுதி வையுங்கள். அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவி தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி போடுங்கள். துணி முகமூடி தின்னர் ஆவிக்குப் போதாது. பூஜை அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அடிக்கவே கூடாது.

நுணுக்கங்களை எதில் செய்கிறீர்கள்?

வீட்டில் இருக்கிற பொருளில்தான் பாதிக்கு மேல். ஏர் பிரேக் பைப் நிஜத்தில் 12 மி.மீ. என்றால் 1/24இல் அரை மில்லி. இன்டர்நெட் கேபிளை உரித்தால் உள்ளே வரும் செம்புக் கம்பி சரியாக அந்தக் கனம். எட்டு கம்பி எட்டு நிற உறையோடு. வளைத்தால் வளைந்தபடி நிற்கும். பழைய லாரிகளின் வட்ட ஹெட்லைட் 7 அங்குலம், மாடலில் 7.4 மி.மீ. மாத்திரை அட்டையின் குமிழ் இருக்கிறதே, அதைப் பிளேடால் வட்டமாக அறுத்து, உள்ளே சமையல் ஃபாயிலை ஒட்டினால் ஹெட்லைட். குமிழ்களின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறும். நான் வீட்டில் காலியாகிற அட்டை எல்லாவற்றையும் வெர்னியரில் அளந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பின்புற ரிஃப்ளெக்டருக்குச் சின்ன சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. சைடு மிரருக்கும் ஃபாயில்தான், பளபளப்பான பக்கம் வெளியே.

தார்ப்பாய்க்குத் துணி போடாதீர்கள். துணியின் இழை இந்த அளவில் சாக்குபோலத் தெரியும். டிஷ்யூ பேப்பரை எடுத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, சுமையின் மேல் போர்த்தி, மடிப்புகளைப் பிரஷ்ஷால் தள்ளி உட்காரவைத்துக் காயவிடுங்கள். கயிறு கட்டுவதற்கு முறுக்கு நூல். நூலில் பிசிறு இருக்கும். மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்தால் அடங்கும். முடிச்சை மட்டும் கண்டபடி போடாதீர்கள். லாரி ஷெட்டில் ஒரு கிளீனரிடம் கேட்டால் அவர்கள் போடும் கட்டைக் காட்டிக்கொடுப்பார். கயிற்றை எந்தக் கொக்கியில் தொடங்கி எதில் முடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது தெரியாமல் கட்டினால் சுமை தூக்கியவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேபினுக்கு உள்ளே? கண்ணாடி வழியாகத் தெரிகிறதெல்லாம் வேண்டும். டாஷ்போர்டு மேல் சாமி படம், மாலை, பீடிக்கட்டு, சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகை. முன்னால் எலுமிச்சை மிளகாய் கட்டினால் அளவில் கவனம்: நிஜ எலுமிச்சை 4 செ.மீ., மாடலில் ஒன்றரை மில்லி. கடுகைவிடச் சின்னதுதான். கடுகுக்கு மஞ்சள் அடித்து ஒருமுறை பார்த்தேன், பெரிதாகத் தெரிந்தது. சலித்து எடுத்த சின்னக் கடுகு சரியாக உட்கார்ந்தது.

லாரியில் எழுத்து, நம்பர் எல்லாம் எப்படி எழுதுவது?

இதில் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். நேஷனல் பர்மிட் வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதி ஒரு நிறம் சொல்லியிருக்கிறது: காய்ந்த இலைப் பழுப்பு, 30 செ.மீ. அகல வெள்ளைக் கரை, பக்கவாட்டில் 60 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் ‘நேஷனல் பர்மிட்’ என்ற சொற்கள். 1/24இல் கரை 12.5 மி.மீ., வட்டம் 25 மி.மீ. கிட்டத்தட்ட பழைய ஒரு ரூபாய் நாணயம். எல்லா வண்டியும் இதை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. ஆகவே நீங்கள் பார்த்த வண்டி எப்படி இருந்ததோ அப்படியே செய்யுங்கள்.

நம்பர் பிளேட் மஞ்சள் நிறம், கறுப்பு எழுத்து. எழுத்தின் உயரம் 65 மி.மீ., மாடலில் 2.7 மி.மீ. பதிவு எண் கதை சொல்லும்: டிஎன் 28 நாமக்கல், டிஎன் 34 திருச்செங்கோடு, டிஎன் 52 சங்ககிரி, டிஎன் 18 செங்குன்றம். போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு டிஎன் 34 போட்டால் விஷயம் தெரிந்தவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். தெருவில் பார்த்த நிஜ வண்டியின் முழு எண்ணைப் போடாதீர்கள். வீட்டில் யாருடைய பிறந்த தேதியையாவது வையுங்கள்.

நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாளில் பிரின்ட் எடுக்கலாம். வெள்ளை எழுத்து மட்டும் சாதாரண பிரின்டரில் வராது. அதற்குப் புதுப்பேட்டையில் பைக் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் எழுத்தை ஸ்டென்சிலாக வெட்டித்தரச் சொல்லுங்கள். மூன்று மில்லிக்குக் கீழே போனால் மெஷின் கிழித்துவிடும். அதைவிடச் சின்னதென்றால் மூன்று சுழி (000) நம்பர் பிரஷ்ஷும் மூச்சைப் பிடித்துக்கொள்வதும்தான் வழி. தமிழ் எழுத்தில் ‘ணை’, ‘ழு’ இரண்டும் இந்த அளவில் பயங்கர வேலை. ஆனால் பெயிண்டர் கையெழுத்தின் அந்த வளைவும் நிழலும் ஸ்டிக்கரில் ஒருநாளும் வராது. நேரம் எடுத்து வரையுங்கள்.

பளபளக்கும் பட்டைகளுக்கு: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இதை மாற்றி ஒட்டிய மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓடிய லாரி மாதிரி பழசாக்குவது எப்படி?

முதலில் கேட்க வேண்டியது: இந்த லாரி எங்கே ஓடுகிறது? அழுக்குக்கும் ஊர் உண்டு. எண்ணூரில் நிலக்கரி ஏற்றும் வண்டிக்கு மட்கார்டு இடுக்கெல்லாம் மினுமினுக்கும் கறுப்பு. எம்-சாண்ட் டிப்பருக்குச் சாம்பல் வெள்ளை, அதுவும் பாடியின் மேல்விளிம்பில் அதிகம். திண்டிவனம் தாண்டிச் செம்மண் சாலையில் போகிற வண்டிக்குச் சக்கரத்திலிருந்து மேலே ஏறும் சிவப்பு. எல்லா லாரிக்கும் ஒரே பழுப்பை அடித்தால் எந்த ஊர் லாரியாகவும் இருக்காது.

தண்ணி லாரியைச் சொல்கிறேன். அதில் துரு மேலிருந்து வராது, தண்ணீர் வழிகிற வழியில் வரும். மூடியின் ஓரத்தில் வழிந்து, டாங்க்கின் வளைவைத் தொடர்ந்து, வெல்டிங் கோட்டில் தங்கி, அங்கிருந்து கீழே சொட்டும். கேமல் ஆயில் கலரில் பர்ன்ட் சியன்னாவும் பர்ன்ட் அம்பரும் எடுத்து, ஊசிமுனையால் ஒரு புள்ளி மூடியின் ஓரத்தில் வையுங்கள். கால் மணி நேரம் விடுங்கள். டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றி எடுத்த பிரஷ்ஷால், மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. புள்ளி வாலாக நீளும். வால் தடிமனாக இருந்தால் மறுபடி சுத்தப் பிரஷ்ஷால் இழுத்துக் குறைக்கலாம். ஒரு டாங்க்குக்கு எட்டு, பத்து வால் போதும். கை ஓடுகிறதே என்று இழுத்துக்கொண்டே போனால் லாரி வரிக்குதிரை ஆகிவிடும். வால்வுக்குக் கீழே பாசிப்பச்சை ஒரு தொடுதல். எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்துக்கு மினுமினுப்பு கிளியர், மற்ற இடமெல்லாம் மங்கல். அந்த ஈரமும் வறட்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இப்போதுதான் தண்ணீர் இறக்கிவிட்டு வந்த வண்டி போலிருக்கும்.

தூசிக்கு நிஜ மண்ணையே எடுக்கலாம். ஆனால் நம் கண்ணுக்குப் பொடியாகத் தெரியும் மண் மாடலுக்குக் கூழாங்கல். வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, சித்த மருந்துக்கு வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய துணியில் சலித்து, துணியைத் தாண்டி வந்ததை மட்டும் எடுங்கள். முடிந்தால் அந்த லாரி ஓடுகிற சாலையின் மண்ணாகவே இருக்கட்டும்.

லைட் எரிய வைக்கலாமா?

தாராளமாக. ரிச்சி தெருவில் 3 மி.மீ. எல்இடியும் அதைவிடச் சின்ன சிப் எல்இடியும் கிடைக்கும். 5 வோல்ட் போன் சார்ஜரில் ஓட்ட ஒவ்வொரு எல்இடிக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். பழைய வண்டிக்குச் சுட்ட மஞ்சள் வெளிச்சம்தான் பொருந்தும்; நீலவெள்ளை போட்டால் காலம் கெட்டுவிடும்.

த்ரீ-டி பிரின்டரில் அடித்துவிட்டால் சுலபம் இல்லையா?

சக்கர டிஸ்க், இன்ஜின் போன்ற ஒரே மாதிரிப் பாகங்களுக்கு அது வரப்பிரசாதம். முழுக் கேபினையும் அடித்தால் அடுக்குக் கோடுகளைத் தேய்ப்பதிலேயே, தகட்டில் வெட்டிச் செய்கிற நேரம் போய்விடும். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் கேபின் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். ரெசின் பாகத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி மூச்சில் போகக்கூடாது.

முதல் லாரியாக எதைச் செய்யலாம்?

திறந்த பாடி வைத்த ஆறு சக்கர லாரி. எல்லாம் நேர்கோடு. பலகை கொஞ்சம் கோணினாலும் நிஜத்திலும் கோணல் உண்டு. டாங்கரும் டிரெய்லரும் மூன்றாவதாக வரட்டும். வேலை முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு ஒரு லாரிக்கு ஆறேழு மாதம் ஆகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரலாமா?

அட்டையில் தொடங்குங்கள். ஆண்டர்சன் தெருவில் நல்ல கனமான அட்டை கிடைக்கும். கத்திரிக்கோலும் ஃபெவிகாலும் போதும். பிளேடும் லாக்கரும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

முடித்த லாரியை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடிப் பெட்டிக்குள். கடலோரம் என்றால் உள்ளே சிலிக்கா ஜெல் பை. செம்புக் கம்பி பச்சை பூக்காமல் இருக்கும். பலரும் அறியாதது டயர் விஷயம். கிட்களில் வரும் மென்மையான வினைல் டயரிலிருந்து எண்ணெய் மாதிரி ஒன்று கசிந்து, ஸ்டைரீன் டிஸ்க்கை வருடக்கணக்கில் மெல்ல அரிக்கும். டயர் மாட்டும் முன் டிஸ்க் விளிம்பில் ஃபாயில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அட்டை, ஃபெவிகால் உள்ள மாடலை மரத்தட்டில் வைத்தால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அந்தத் தண்ணி லாரி டிரைவரிடம் மாடலைக் காட்டினீர்களா?

காட்டினேன். அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனேன். வாங்குவதற்கு முன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடியில் பார்த்தார். வெல்டிங் வைத்த பட்டையை விரல் நுனியால் தொட்டார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னால் திருப்பி, வால்வைப் பார்த்ததும், “தம்பி, பைப்பு நுனியில டியூப் கட்டியிருப்பேனே, அது எங்க?” என்றார்.

நிஜ வண்டியில் போய்ப் பார்த்தேன். பழைய டயர் டியூபை ஒரு முழம் வெட்டி, தண்ணீர் சிதறாமல் குடத்தில் விழுவதற்காகக் கட்டியிருந்தார். நாற்பது படம் எடுத்திருந்தேன், அத்தனையிலும் அது இருந்தது. அன்று ராத்திரி கறுப்பு ரப்பர் கையுறையின் சுண்டுவிரலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெட்டி, வால்வில் மாட்டி, இரண்டு சுற்று நூல் போட்டுக் கட்டினேன்.